பொட்டலத்தில் இருப்பது என்ன?

சாரல் காலம் பிறந்துவிட்டால், பாவூர்சத்திரம் வழியாகக் குற்றாலம் செல்லும் வாகனங்களுக்குக் கணக்கில்லை. வழியிலுள்ள கடைகளில் ஷாம்புப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. 2014-ம் வருஷம் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் உபயோகிப்பதைத் தடை செய்தது. அவ்வுத்தரவு மிகவும் நியாயமானதே. ஆனால் அருவிக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதே நுரையை வீட்டில் தலைக்குத் தேய்த்துக்கொள்ளும் ஜனங்களுக்குக் கிடைத்திருக்கிறதா?

நுரைக்குக் காரணமான வஸ்துக்களில் ஒன்று சோடியம் லாரில் சல்பேட். அது புற்றுநோய் உண்டாக்கும் என்ற வதந்திக்கு ஆதாரமில்லை. வீண் பீதியைக் கிளப்புவது ஜனசேவையாகாது. எனினும் அது சருமத்தின் எண்ணெய்ப் பசையைப் போக்கி எரிச்சல் உண்டாக்கக்கூடியது. தேய்த்தவுடன் நன்றாக அலம்பிவிடும் சாமான்களில் அதனால் அபாயமில்லையென்றும், உடம்பில் தங்கும் பூச்சுக்களில் நூற்றுக்கு 1 பங்குக்கு மேற்படலாகாதென்றும் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 1983-ல் முடிவு கூறிற்று.

அதன் கடுமையைக் குறைக்க, எத்திலீன் ஆக்ஸைடு சேர்த்துத் தயாரிக்கப்படுவது சோடியம் லாரெத் சல்பேட். இத்தயாரிப்பில் டயாக்ஸேன் என்னும் அசுத்தம் சிறிதளவு தங்கக்கூடும். பிராணிகளிடம் நடந்த சோதனைகளில் அது புற்றுநோய் உண்டாக்கியது. தயாரிப்பவர் மனம் வைத்தால் அதைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். நியூயார்க் மாகாணம் 2022 முடிவிலிருந்து அதற்குச் சட்டத்தால் வரம்பு கட்டிவிட்டது.

நம் நாட்டில் 2020-ல் வகுக்கப்பட்ட விதிகள், சேர்மானங்களை மேலுறையில் அச்சிட வேண்டுமென்கின்றன. ஆனால் 60 மில்லி லிட்டருக்குக் குறைந்த திரவச் சாமான்களுக்கு விலக்கு அளித்துவிட்டன! பெரிய பாட்டில் வாங்கும் தனவந்தருக்கு அறியும் உரிமை உண்டு; சில்லறை கொடுத்துப் பொட்டலம் வாங்கும் கூலித் தொழிலாளிக்கு இல்லை. இது என்ன நியாயம்? சில கம்பெனிகள் தாமாகவே அச்சிடுகின்றன என்பது மெய்தான். அதுவும் பொடி எழுத்தில், இங்கிலீஷில்! இடம் போதாதென்று சமாதானம் சொல்லக்கூடும். கூந்தலழகியின் படத்துக்கு இடமிருக்கும்போது உண்மைக்கு மட்டும் இடமில்லையா?

சர்க்கார் இவ்விலக்கை நீக்க வேண்டும். சேர்மானங்கள் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். கடைச் சாமான்களை டயாக்ஸேனுக்காகச் சோதித்து முடிவைப் பகிரங்கப்படுத்த வேண்டும். அதுவரை நுரையை நன்றாக அலம்பிவிடுவதும், குழந்தைகளின் கண்ணில் படாமல் காப்பதும் தாய்மார்களின் கடமை. பொட்டலத்தில் இருப்பதைச் சொல்வதோ சர்க்காரின் கடமை. ஏழையின் சருமமும் சருமமே என்பதை அதிகாரிகள் உணர்வார்களாக!