தோள்பட்டை பிடிச்சுக்கிச்சா? முதல்ல சுகர் பாருங்க

1/ மயிலாப்பூர்ல இருந்து ஒரு அம்மா, 52 வயசு. "டாக்டர், நாலு மாசமா தலை பின்ன முடியல, கை முதுகுப் பக்கம் போகவே மாட்டேங்குது, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல"ன்னு வந்தாங்க. கையில ஸ்லிங், பையில எம்ஆர்ஐ ஃபைல், ரெண்டு தைலம். சுகர் டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் இல்ல.

2/ எடுத்துப் பார்த்தோம். ஹெச்பிஏ1சி 9.1. (6.5, அதுக்கு மேல இருந்தா சர்க்கரை நோய்.) தனக்கு சுகர் இருக்குங்கறதே அவங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியும். தோள் நாலு மாசமா சொல்லிட்டு இருந்திருக்கு, நாமதான் கேட்கல. 'நாம'ன்னா டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

3/ தோள் மூட்டைச் சுத்தி மெல்லிசா ஒரு உறை இருக்கு. அதுல அழற்சி வந்து, தடிச்சு, சுருங்கிட்டா மூட்டு இறுகிடும். 1934-ல பாஸ்டன் சர்ஜன் காட்மேன் இதுக்கு வெச்ச பேர்தான் 'ஃப்ரோஸன் ஷோல்டர்'. முதல்ல வலி, அப்புறம் இறுக்கம், கடைசியில மெதுவா இளகும். சிலருக்கு மொத்தம் ரெண்டு, மூணு வருஷம்கூட ஆகும்.

4/ பொதுவா 100 பேர்ல 2 - 5 பேருக்கு இது வரும். சுகர் இருக்கறவங்கள்ல 10 - 20 பேருக்கு. ரத்தத்துல கூடுற சர்க்கரை, உறையில இருக்கற கொலாஜன்ல ஒட்டி அதை விறைப்பாக்குதுங்கறது முக்கியமான விளக்கம். தைராய்டு கோளாறு இருந்தாலும் வாய்ப்பு அதிகம்.

5/ 2023-ல வெளிவந்த ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4% பேருக்கு சர்க்கரை நோய். இப்படிப்பட்ட ஊர்ல இருந்துக்கிட்டு, இறுகின தோளை வெறும் 'வாயுப் பிடிப்பு'ன்னு அனுப்பறது தப்பு. இதுதான் என் கருத்து.

6/ எல்லா தோள் வலியும் இது இல்ல. வீட்லயே பாருங்க: முழங்கையை விலாவோட ஒட்டி, எல் மாதிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்க. வலிக்கற கை திரும்பல, வேற ஒருத்தர் திருப்பினாலும் நகரலன்னா ஃப்ரோஸன் ஷோல்டரா இருக்கலாம்.

7/ நீங்களா தூக்க முடியல, ஆனா இன்னொருத்தர் தூக்கிவிட்டா கை மேல போகுதா? அது பெரும்பாலும் தசைநார் பிரச்சினை. தி.நகர்ல கனமான பையோட அலைஞ்ச மறுநாள் வந்து, ரெண்டு வாரத்துல போற வலி வேற. ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணு இல்ல.

8/ பெரும்பாலானவங்களுக்கு எடுத்ததும் எம்ஆர்ஐ தேவையில்ல. டாக்டர் கையால அசைச்சுப் பார்க்கறதும் ஒரு எக்ஸ்ரேயும் போதும். அந்தக் காசுக்கு எத்தனையோ தடவை பிசியோதெரபி போகலாம்.

9/ ஸ்லிங்ல கையைத் தொங்கவிட்டா இன்னும் இறுகும். நீவி விடறேன், முறுக்கி விடறேன்னு பலவந்தமா இழுத்தா அழற்சி கூடும். தைலம் தடவறதுல தப்பில்ல, ஆனா அது உறை வரைக்கும் போகாது.

10/ "ஊசியா? ஐயோ ஸ்டீராய்டு!" தினமும் கேட்கற வசனம். வலி அதிகமா இருக்கற ஆரம்ப கட்டத்துல மூட்டுக்குள்ள போடற ஒரு ஊசி, முதல் சில மாசங்களுக்கு நல்லா கேட்கும். சுகர் இருந்தா சில நாள் அளவு ஏறும், அதனால அடிக்கடி செக் பண்ணணும். வருஷக்கணக்கா மாத்திரை முழுங்கறதும் இதுவும் ஒண்ணு இல்ல.

11/ பிரிட்டன்ல 503 பேரை வெச்சு நடந்த 'ஃப்ராஸ்ட்' ஆய்வு 2020-ல லான்செட்ல வந்துச்சு. மயக்கம் கொடுத்து மூட்டை அசைச்சு விடறது, துளை ஆபரேஷன், ஊசியோட முறையான பிசியோதெரபி மூணையும் ஒப்பிட்டாங்க. எதுவும் தெளிவா ஜெயிக்கல. அப்போ கத்தி கடைசியில வரட்டும்.

12/ வீட்ல செய்ய: வெந்நீர் ஒத்தடம். அப்புறம் மேசையை நல்ல கையால பிடிச்சு முன்னாடி குனிஞ்சு, வலிக்கற கையை ஊசல் மாதிரி ஆட்டுங்க. சுவத்துல விரல்களை நடக்க விட்டு மேல ஏத்துங்க. 5 நிமிஷம், தினம் மூணு நாலு வேளை. வலி தாங்கற அளவுக்குத்தான்.

13/ கவனம்: இடது தோள் வலியோட நெஞ்சு இறுக்கம், வேர்வை, மூச்சுத் திணறல்னா உடனே 108. காய்ச்சலோட மூட்டு வீங்கிச் சூடா இருந்தாலோ, கீழ விழுந்த பிறகு கை தூக்க முடியலன்னாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

14/ காசு இல்லன்னு தள்ளிப் போடாதீங்க. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர் டெஸ்ட் இலவசம். மயிலாப்பூர், தி.நகர்க்காரங்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கத்துலயே இருக்கு. எலும்பு டாக்டரும் பிசியோதெரபியும் அங்கேயே உண்டு.

15/ அந்த அம்மாவுக்கு சுகர் மருந்து, ஒரு ஊசி, விடாத பயிற்சி. ஆறு மாசம் கழிச்சு வந்தப்ப தானே தலை பின்னி, பூ வெச்சுட்டு வந்திருந்தாங்க. கை இன்னும் முழுசா மேல போகல. ஆனா போயிட்டு இருக்கு.

16/ 40 வயசு தாண்டி தோள் இறுகினா, "டாக்டர், சுகர் பார்க்கலாமா?"ன்னு நீங்களே கேளுங்க. கோவிச்சுக்க மாட்டோம். கோவிச்சுக்கிட்டா வேற டாக்டரைப் பாருங்க. உங்க வீட்டு அம்மா, அத்தை, பெரியப்பாவுக்கு இதை அனுப்பிடுங்க.