வானம் பார்த்த கோழிக்குஞ்சு



கோழிக்குஞ்சு ஒன்றின் நோயைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத நேரும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சமூகவியல். குடும்பம், வறுமை, இடப்பெயர்வு என்று எத்தனையோ பாடங்களைப் படித்தோம். கோழியைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. ஆனால் வன்னியில் வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளருக்குக் கோழியைத் தெரியாமல் காலந்தள்ள முடியாது. பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுக்கு நாங்கள் கொடுக்கும் வாழ்வாதார உதவிகளில் முதலிடம் பெறுவது அதுதான்.

2023 ஆம் ஆண்டு நடந்த சம்பவம் இது. கணவரை இழந்து இரு பிள்ளைகளுடன் வாழும் ஒரு சகோதரிக்கு, ஒரு மாத வயதுடைய பத்துக் குஞ்சுகளையும் பத்துக் கிலோ தீவனத்தையும் எங்கள் நிறுவனத்தின் ஊடாகக் கொடுத்திருந்தோம். குஞ்சுகளை எண்ணிக் கொடுத்து, படிவத்தில் கையொப்பம் வாங்கி, படமும் பிடித்துக்கொண்டு வந்தவள் நான்தான். ஆறு வாரங்களின் பின்னர் மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன். வழக்கமாக முற்றத்தில் நின்றே "வாங்கோ மிஸ்" என்று கூப்பிடும் தாய் அன்று வெளியே வரவில்லை. பன்னிரண்டு வயது மகள்தான் படலையடியில் நின்றாள்.

"அம்மா குளிக்கிறா மிஸ். நீங்க பிறகு வாங்கோ."

அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கியது. "குஞ்சுகள் எப்படி?" என்று கேட்டேன். பிள்ளை சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "செத்துப்போனா எங்கட பெயரை வெட்டிப் போடுவீங்களோ மிஸ்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

பெட்டிக்குள் இருந்த குஞ்சு

இரண்டு குஞ்சுகள் ஏற்கெனவே இறந்திருந்தன. மூன்றாவதைப் பிள்ளை ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைத்து, குசினி மூலையில் ஒளித்திருந்தாள். அதைப் பார்த்த எனக்கு நெஞ்சு பதறியது. கால்களை மடித்துக் குந்தியிருந்தது. கழுத்து பின்பக்கமாக வளைந்து, தலை முதுகில் முட்ட, அலகு வானத்தைப் பார்த்தபடி நின்றது. எழும்ப முயன்றால் பின்புறமாகச் சரிந்து விழும். ஆனால் கண்கள் தெளிவாக இருந்தன. பிள்ளை கிட்டப் போனதும் மெல்லக் கீச்சிட்டது.

பக்கத்து வீட்டு ஆச்சி, "இது பேய்க்குணம் பிள்ளை, வைச்சிருக்காதை" என்று சொல்லியிருக்கிறா. தாயோ, சாகமுன் அறுத்துக் கறியாக்கிவிடலாம் என்று எண்ணியிருந்தா. என்ன நோயென்று தெரியாத கோழியை உண்ணக்கூடாது என்று நான் சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியாது. இராணிக்கெட் நோயாக இருக்கலாம், மற்றக் குஞ்சுகளும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். கழுத்துத் திருகிய கோழி என்றாலே இராணிக்கெட் என்பதுதானே நம்மூர் வழக்கம்!

பெட்டியை மகளின் மடியில் வைத்து, அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போனேன். தாய் பின்னால் பஸ்ஸில் வந்தா. 'கோழிக்குஞ்சுக்கும் டொக்டரோ' என்று வழியில் சிரித்தவர்களும் உண்டு.

வைத்தியர் கேட்ட கேள்விகள்

வைத்தியர் குஞ்சைத் தூக்கிப் பார்த்தார். உடனே மருந்து எழுதவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். குஞ்சின் வயது என்ன? மற்றவை எப்படி இருக்கின்றன? கழிச்சல் பச்சையாகப் போகிறதா? மூச்சு இழுக்கிறதா, மூக்கு வடிகிறதா? எந்தத் தடுப்பு மருந்துகள் கொடுக்கப்பட்டன? இரத்தக் கழிச்சலுக்கு ஏதாவது மருந்து தண்ணீரில் கலந்தீர்களா? கடைசியாக, "என்ன சாப்பாடு போடுறனீங்கள்?" என்றார்.

தாய் தலையைக் குனிந்துகொண்டா. மகள்தான் பதில் சொன்னாள். "குறுணல் சேர். வெள்ளைப் பச்சையரிசிக் குறுணல்."

நாங்கள் கொடுத்த பத்துக் கிலோ தீவனம் மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் கோழித் தீவனத்தின் விலை ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். கூலி வேலை செய்து பிள்ளைகளுக்குச் சோறு போடும் ஒரு தாய் தீவன மூட்டைக்கு எங்கே போவா? மில்லில் மலிவாகக் கிடைத்த குறுணலை வாங்கிப் போட்டிருக்கிறா. அது மட்டுமல்ல. குஞ்சுகள் பக்கத்துத் தோட்டத்து மிளகாய்க் கன்றுகளைக் கிளறியதால் சண்டை வந்து, அவற்றைப் பகல் முழுவதும் கூட்டிலேயே அடைத்து வைத்திருந்தா. முற்றத்தில் மேயும் கோழி புல்லையும் பூச்சியையும் கறையானையும் பொறுக்கித் தன் குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும். அடைபட்ட குஞ்சுக்கு அந்த வழியும் இல்லை.

அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுவது தயமின் எனப்படும் விற்றமின் பி1. நரம்புகள் இயங்க இது இன்றியமையாதது. இது குறைந்தால் குஞ்சு முதலில் தீனை வெறுக்கும். பிறகு கால்கள் தளரும். அதன் பின்னர் தலை பின்புறமாக வளைந்து வானம் பார்க்கும். வைத்தியர் விற்றமின் ஊசி ஒன்றை ஏற்றி, வாயால் கொடுக்கத் துளிமருந்தும் தந்தார். "இது அந்தக் குறைதான் என்றால் கெதியாகத் தெரியும்" என்றார்.

கோழி சொன்ன பாடம்

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. 1890 ஆம் ஆண்டளவில், இன்று ஜக்கார்த்தா என்றழைக்கப்படும் பத்தாவியாவில் கிறிஸ்தியான் ஐக்மன் என்ற ஒல்லாந்த வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடக் கோழிகளுக்கும் திடீரெனக் கால் தளர்ந்தது. சில மாதங்களில் அவை தாமாகவே சுகமாகின. காரணம் என்ன தெரியுமா? இராணுவ வைத்தியசாலைக் குசினியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றையே கோழிகளுக்குப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் மீண்டும் தீட்டாத அரிசிக்கு மாறின, எழும்பி நடந்தன. அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே ஐக்மன் முதலில் எண்ணினார். இருந்த நஞ்சல்ல, இல்லாமற் போன சத்தே காரணம் என்பதை அவருக்குப் பின்வந்த கெரிட் கிரெயின்ஸ் 1901 இல் எடுத்துக்காட்டினார். ஐக்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரின் பெரிபெரி நோய்க்கு விடை காட்டியது கூட்டிலிருந்த கோழிதான்!

எல்லாக் கழுத்தும் ஒன்றல்ல

ஆனால் சகோதரிகளே, கழுத்து வளைந்த குஞ்செல்லாம் விற்றமினால் எழும்பிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இராணிக்கெட் நோயிலும் கழுத்துத் திருகும். அதனோடு மூச்சுத் திணறல், பச்சைக் கழிச்சல் என்பவையும் வரலாம், நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேகமாகப் பரவும். மரெக் நோயில் ஒரு கால் முன்னேயும் மறு கால் பின்னேயும் நீட்டியபடி குஞ்சு விழுந்து கிடக்கும். இவ்விரண்டும் வைரசுகளால் வருபவை. வந்தபின் மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதுதான் வழி. குஞ்சு வாங்கும்போது, பொரித்த அன்றே மரெக் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

கால்விரல்கள் உட்பக்கமாகச் சுருண்டால் விற்றமின் பி2 குறைவாக இருக்கலாம். சிக்கு மணம் பிடித்த பழைய தீவனத்தில் விற்றமின் ஈ அழிந்துபோவதால் குஞ்சின் மூளை பாதிக்கப்பட்டுத் தள்ளாடும். இரத்தக் கழிச்சலுக்குக் கொடுக்கும் அம்ப்ரோலியம் என்ற மருந்தை அளவுக்கு மிஞ்சி, அதிக நாட்கள் கொடுத்தாலும் தயமின் குறைவு ஏற்படலாம். சிலவகை மீன்களின் பச்சைக் கழிவும் தயமினை அழிக்கும். எனவே மீன் கழிவை அவித்தே கொடுங்கள். பல கோழிகள் திடீரெனச் செத்தால் அவற்றை வெறுங்கையால் தொடாமல், உண்ணாமல், கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். பறவைக் காய்ச்சலிலும் இப்படி நடக்கலாம்.

அந்தப் பிள்ளை செய்த பராமரிப்பு

வைத்தியர் சொன்னவற்றை ஒரு தாதியைப் போல மகள் செய்தாள். உங்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நோயுற்ற குஞ்சை முதலில் தனியாக்க வேண்டும். நோய் தொற்றும் என்பதற்காக மட்டுமல்ல, மற்றவை அதைக் கொத்திவிடும் என்பதாலும்தான். பெட்டியின் அடியில் உமியைப் பரப்பி, பழைய துவாயை வளையமாகச் சுருட்டி நடுவில் குஞ்சை இருத்தினாள். அப்போது அது சரிந்து விழுந்து தலையை அடித்துக்கொள்ளாது. இரவில் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் மின்குமிழின் சூடு படும்படி வைத்தாள்.

தண்ணீரை வாய்க்குள் ஊற்றக்கூடாது. கோழியின் நாக்கின் அடியில்தான் மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. அவசரப்பட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதுவே குஞ்சைக் கொன்றுவிடும். தலையை மெல்லத் தாங்கி, அலகின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, அது விழுங்கும்வரை பொறுத்து, பிறகுதான் அடுத்த துளி. அவித்த முட்டை மஞ்சட்கருவையும் தவிட்டையும் நீரில் குழைத்து, விரல் நுனியில் எடுத்து அலகில் தொட்டாள். ஒரே பக்கமாகக் கிடந்து புண்படாதிருக்க அடிக்கடி புரட்டி வைத்தாள். ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள்.

அன்றிரவே கழுத்தின் இறுக்கம் சற்றுத் தளர்ந்தது. மறுநாள் காலையில் தலை நேரே நின்றது. மூன்றாம் நாள், "மிஸ், எழும்பி நிக்குது!" என்று தொலைபேசியில் பிள்ளை கத்திய சத்தம் எங்கள் அலுவலகம் முழுவதும் கேட்டது.

யாருடைய தவறு?

இப்போது அந்த வீட்டில் குறுணலோடு புதுத் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் அவித்த பயறும் கலக்கிறார்கள். தவிடு விரைவில் சிக்கு மணம் பிடிக்கும் என்பதால் ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டுமே மில்லில் வாங்குகிறார்கள். முருங்கையிலைக் கொப்பு ஒன்று எப்போதும் கூட்டில் தொங்கும். அயல்வீட்டாரோடு பேசி, மிளகாய்த் தோட்டத்தைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டியபின் பின்னேரங்களில் கோழிகளைத் திறந்துவிடுகிறார்கள். எட்டுக் கோழிகளும் முட்டையிடத் தொடங்கின. வானம் பார்த்த குஞ்சுதான் எல்லாவற்றிலும் சிறியது, கடைசியாக முட்டையிட்டதும் அதுதான்.

ஆனால் இறந்த இரண்டு குஞ்சுகளை நான் மறக்கவில்லை. முதற்குஞ்சு கால் தளர்ந்தபோதே அந்தத் தாய் எனக்குச் சொல்லியிருந்தால் அவையும் பிழைத்திருக்கக்கூடும். ஏன் சொல்லவில்லை? 'கவனமில்லாதவள்' என்று எழுதிவிடுவார்கள், அடுத்த உதவிப் பட்டியலில் பெயர் இராது என்ற பயம். அந்தப் பயத்தை அவவுக்குள் விதைத்தவர்கள் யார்? எத்தனை கொடுத்தோம், எத்தனை மிஞ்சின, எத்தனை செத்தன என்று மட்டும் கேட்கும் எங்களைப் போன்றவர்கள்தானே! என் படிவத்தில் 'இறப்பு' என்று ஒரு நிரல் இருந்தது. 'என்ன தீன் போடுகிறீர்கள், அதை வாங்க வசதி உண்டா' என்ற நிரல் இருக்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்தியர்தான் கேட்டார். சமூகவியல் படித்த நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து படிவத்தின் பின்பக்கத்தில் அந்த இரண்டு கேள்விகளையும் பேனையால் எழுதி வைத்துக்கொள்கிறேன். எண்ணுவதற்கு முன் தீன் பாத்திரத்தைப் பார்க்கிறேன்.

உதவி பெற்ற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குஞ்சு நோயுற்றால் ஒளிக்காதீர்கள். முதல் நாளே சொல்லுங்கள், அருகிலுள்ள கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். உதவி கொடுக்கும் என் போன்றோருக்கும் ஒரு வார்த்தை. ஒரு குஞ்சு செத்ததென்று கேட்டால், "ஏன் சாக விட்டீர்கள்?" என்று தொடங்காமல், "என்ன நடந்தது அக்கா?" என்று தொடங்குவோம். படலையடியில் நின்று எந்தப் பிள்ளையும் இனி அப்படியொரு கேள்வியைக் கேட்க வேண்டாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.