செஞ்சிக்கோட்டைக்கு ஒருநாள் ட்ரிப்: வாடகை காரா, ஆக்டிங் டிரைவரா, ஒயிட் போர்டா? ரேட் கேட்பதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில் தேர்வான 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் உள்ளன. தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டை செஞ்சிதான்.

சென்னையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பிவிடலாம் என்பதால், "ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி பேசிக்கிட்டு போயிட்டு வந்துடலாமே" என்று பல குடும்பங்கள் யோசிக்கின்றன. செஞ்சியில் ரயில் நிலையம் கிடையாது. திண்டிவனத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கிளாம்பாக்கத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பஸ்கள் இருக்கின்றன. ஆனால் வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்தால் கார்தான் வசதி.

கேள்வி, எந்த கார்? யார் ஓட்டுவது?

மூன்று வழிகள் என்னென்ன?

முதல் வழி, டிராவல்ஸில் டிரைவரோடு டூரிஸ்ட் கார் எடுப்பது. மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்கும். மின்சார கார் என்றால் பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து.

இரண்டாவது, சொந்த காருக்கு ஒருநாள் மட்டும் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்வது. இங்கே வாடகைக்குப் போவது கார் இல்லை. டிரைவரின் உழைப்புக்குத்தான் சம்பளம். எனவே வெள்ளை பிளேட் கார் என்றாலும் சட்டச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, 'தெரிஞ்சவர் வண்டி'. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்த வெள்ளை பிளேட் காரை, டிரைவரோடு வாடகைக்கு விடுவது. ரேட் குறைவு என்பதால் பலர் இதைத்தான் தேர்வு செய்கிறார்கள். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒயிட் போர்டில் ரேட் ஏன் குறைகிறது?

ஓர் உதாரணக் கணக்கு. டூரிஸ்ட் காருக்கு கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போகவர 320 கிலோமீட்டர். ஷெட்டிலிருந்து ஷெட் வரை கணக்கிடுவதால் இன்னும் ஒரு 20 கிலோமீட்டர் சேரும். 340 கிலோமீட்டருக்கு 4,760 ரூபாய். டிரைவர் பேட்டா 500 ரூபாய் என்றால் மொத்தம் 5,260 ரூபாய். திண்டிவனத்துக்கு முன்பு பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் கட்டும் தொகையும், பார்க்கிங்கும் தனி.

இதே பயணத்துக்கு ஒயிட் போர்டு வண்டிக்காரர் கிலோமீட்டருக்கு 11 ரூபாய் கேட்டால், 1,020 ரூபாய் மிச்சம். அவரால் எப்படிக் குறைக்க முடிகிறது? டூரிஸ்ட் வண்டிக்கு பர்மிட் வேண்டும், அதற்கான வரி கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் பிரீமியமும் அதிகம். வண்டி 8 ஆண்டுகளைத் தொடும் வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஒயிட் போர்டு வண்டிக்கு இந்தச் செலவுகள் இல்லை. முறையாக பர்மிட் எடுத்து ஓட்டும் டாக்ஸி ஓட்டுநர்களின் நீண்டநாள் குமுறலும் இதுதான்.

அதாவது, மிச்சமாகும் அந்த ஆயிரம் ரூபாய், பயணிகளின் பாதுகாப்புக்காகச் செலவழிக்க வேண்டிய பணத்திலிருந்தும் வருகிறது.

மாட்டினால் என்ன ஆகும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 66-ன்படி, பர்மிட் இல்லாமல் வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. மீறினால் பிரிவு 192ஏ-வின் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும், 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். வழக்கு ஓட்டுபவர் மீதும், ஓட்ட அனுமதித்தவர் மீதும்தான். ஆனால் வண்டியைப் பறிமுதல் செய்தால், நடுவழியில் நிற்பது பயணிகள்தான்.

"போலீஸ் நிறுத்தினா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க சார்" என்று டிரைவர் சொன்னால், அது எந்த மாதிரி வண்டி என்பது அப்போதே தெரிந்துவிடும்.

விபத்து நடந்தால்?

இதுதான் பெரிய சிக்கல். சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசியில், 'வாடகைக்கு விடக் கூடாது' என்பது ஒரு நிபந்தனை. அதை மீறியதைக் காட்டி இழப்பீட்டை எதிர்க்க, சட்டமே காப்பீட்டு நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது.

2018-ல் உச்ச நீதிமன்றம், பர்மிட் இல்லாமல் வாகனம் ஓட்டுவது அடிப்படையான விதிமீறல் என்று சொன்னது. லாரி மோதி ஒருவர் இறந்த அந்த வழக்கில், காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு. அது சாலையில் போன மூன்றாம் நபருக்கானது. வாடகை கொடுத்து வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் இழப்பீடு கேட்கும்போது, நிறுவனம் எதிர்த்து வாதாடினால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடும். 'சொந்தக்காரங்க' என்று அன்றைக்குச் சொன்ன பொய், கோர்ட்டில் பயணிகளுக்கே எதிராகத் திரும்பலாம்.

ஆக்டிங் டிரைவர் என்றால் பிரச்னையே இல்லையா?

முழுசாக அப்படிச் சொல்லிவிட முடியாது. கார் பாலிசியில் வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமையாளருக்கானது. ஆக்டிங் டிரைவருக்கு அது பொருந்தாது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான 'பெய்ட் டிரைவர்' கவர் பாலிசியில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சிறு தொகைதான். ஆனால் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், அவர் குடும்பத்துக்கு அதுதான் கைகொடுக்கும்.

அவருடைய லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதனால் லைசென்ஸ் வகையைவிட, அது காலாவதியாகாமல் இருப்பதுதான் முக்கியம்.

யாரும் கணக்கில் எடுக்காத விஷயம் எது?

டிரைவரின் தூக்கம். மூன்று வழிகளுக்கும் இது பொருந்தும்.

வீட்டு வாசலுக்கு 5 மணிக்கு வண்டி வர வேண்டும் என்றால், டிரைவர் 3.30 மணிக்கே எழ வேண்டும். 8 மணி வாக்கில் செஞ்சி. ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். ஏறி இறங்கி, கல்யாண மகால், நெற்களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் பார்க்க மதியம் ஆகிவிடும். அதுவரை டிரைவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைப்பது தவறு. வெயிலில் நிற்கும் காருக்குள் யாரும் தூங்க முடியாது.

இந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். "அண்ணே, இவ்வளவு தூரம் வந்தாச்சு. அப்படியே திருவண்ணாமலையும் பாத்துட்டு போயிடலாமா?" போகவர இன்னும் 80 கிலோமீட்டர். மீட்டர் ஓடினால் காசு என்பதால் டிரைவரும் சரி என்பார். தரிசனம் முடித்துக் கிளம்பும்போது ராத்திரி 8 மணி. சென்னை வந்து சேரும்போது நள்ளிரவை நெருங்கிவிடும். அதாவது, 20 மணி நேரமாகத் தூங்காத ஒருவர் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில் பின்சீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி நேர ஓய்வு என்று வரையறுத்தது. ஆனால் அது 5 பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான். ஆப் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு 12 மணி நேரம்தான் உச்சவரம்பு என்று மத்திய அரசின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னது. ஒற்றை வண்டிக்காரரையும் ஆக்டிங் டிரைவரையும் கண்காணிக்க ஆளில்லை. மத்திய அரசின் அறிக்கைப்படி, 2022-ல் மாநிலங்களிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான். எண்ணிக்கை 64,105.

புக் செய்வதற்கு முன் என்ன செய்யலாம்?

• வண்டி நம்பரை முன்கூட்டியே வாங்கி, எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்க்கலாம். வண்டி எந்த வகை, இன்சூரன்ஸ், எஃப்.சி. நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

• குறைந்தபட்ச கிலோமீட்டர் எவ்வளவு, கணக்கு ஷெட்டிலிருந்தா வீட்டிலிருந்தா, பேட்டா, டோல் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளலாம்.

• "முந்தின நாள் ராத்திரி வேற ட்ரிப் இருக்கா?" என்று டிரைவரிடம் நேரடியாகக் கேட்கலாம். இருந்தால் வேறு டிரைவரைக் கேட்பதில் தப்பில்லை.

• திருவண்ணாமலையும் திட்டத்தில் இருந்தால், அங்கே இரவு தங்கிவிட்டு மறுநாள் திரும்பலாம். அப்போது டிரைவருக்கும் படுக்க இடம் ஏற்பாடு செய்ய வேண்டும். காருக்குள் தூங்கச் சொன்னால், மறுநாளும் அதே சிக்கல்தான்.

செஞ்சி மட்டும் போதும் என்றால் மதியம் 2 மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடலாம். கோட்டை அங்கேயேதான் இருக்கும், விட்டுப்போனதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.