சந்தேகப்பட்டவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள்?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்குத் தங்கள் வேட்பாளர் மீதே நம்பிக்கை இல்லை, கட்சி இரண்டாகப் போகிறது என்று. 2016-இல் வந்தது. 2024-இல் மறுபடியும் வந்தது. நம் தோழர்களும் அதைப் பகிர்ந்து, "பார், அவர்கள் ஆளே அவரை ஏற்கவில்லை" என்று மகிழ்ந்தார்கள். இரண்டு முறையும் டொனால்ட் டிரம்ப் வென்றார்.

ஆகவே அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். அவர்கள் எதைச் சந்தேகப்பட்டார்கள்? எதைச் சந்தேகப்படவே இல்லை?

2016 ஜனவரியில் 'நேஷனல் ரிவ்யூ' என்ற பழமைவாத இதழ் டிரம்புக்கு எதிராகவே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. 20-க்கும் மேற்பட்ட பழமைவாத எழுத்தாளர்கள் அதில் எழுதினார்கள். உலகமே அதைத் துணிச்சல் என்று பாராட்டியது. ஆனால் தலையங்கத்தின் முக்கியக் குற்றச்சாட்டு என்ன? அவர் உண்மையான பழமைவாதி இல்லை, கொள்கைப் பிடிப்பில்லாத சந்தர்ப்பவாதி என்பதுதான். மெக்சிகோவிலிருந்து வருகிறவர்களைப் பாலியல் குற்றவாளிகள் என்று சொல்லித்தான் அவர் 2015-இல் போட்டியையே தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் முஸ்லிம்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்றார். இவையெல்லாம் அவர்களுக்கு உறுத்தவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறுத்தல்களின் வரிசையில் முதலிடம் இவற்றுக்கு இல்லை.

அதே இதழ்தான் 1957-இல், தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் இடங்களிலும் வெள்ளையர் ஆதிக்கமே நிலைக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியது. கோட்டு சூட்டு போட்டு, நல்ல ஆங்கிலத்தில் எழுதியது. பேச்சில் நாகரிகம் இருந்ததால் அதை யாரும் வெறி என்று அழைக்கவில்லை, கருத்து என்று அழைத்தார்கள்.

அடுத்து வெள்ளை எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள். மூன்று திருமணம் செய்தவர், சூதாட்ட விடுதி நடத்தியவர், ஒரு காலத்தில் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர், இவருக்கு எப்படி வாக்களிப்பது என்று அவர்கள் தயங்கினார்கள். தெற்கு பாப்டிஸ்ட் சபையின் ரஸ்ஸல் மூர் போன்றவர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி அன்டோனின் ஸ்காலியா இறந்தார். அந்த இடத்துக்கு ஒபாமா முன்மொழிந்தவரைப் பரிசீலிக்கவே செனட்டில் குடியரசுக் கட்சி மறுத்தது. மே மாதம் டிரம்ப், தான் நியமிக்கக்கூடிய நீதிபதிகள் என்று 11 பெயர்களை வெளியிட்டார். பேரம் அங்கே படிந்தது. அக்டோபரில், பெண்களை எப்படி வேண்டுமானாலும் தொடலாம் என்று அவர் பேசிய ஒலி நாடா வெளியானது. சில தலைவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். அவர்களிலும் சிலர் தேர்தலுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள். நவம்பரில், வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் சுமார் 80% பேர் அவருக்கு வாக்களித்ததாகக் கருத்துக்கணிப்பு சொன்னது.

நான் இதைப் பாசாங்கு என்று மட்டும் சொல்லமாட்டேன். தயக்கம் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தத் தயக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை கொடுக்கப்பட்டது. விலை கிடைத்ததும் அடங்கிவிடுகிற சந்தேகத்தை மனசாட்சி என்று அழைப்பது மனசாட்சிக்கு அவமானம்.

அந்த விலையை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். டிரம்ப் மூன்று நீதிபதிகளை நியமித்தார். 2022 ஜூனில் கருக்கலைப்புக்கான அரசியலமைப்புப் பாதுகாப்பு போனது. 2023 ஜூனில் ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளும் முறை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இடஒதுக்கீட்டின் அருமை தெரிந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்லூரி வாசலில் நிற்கும் முதல் தலைமுறைப் பிள்ளையின் வலி எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

"எல்லாம் டிரம்ப் செய்தது, பழைய கண்ணியமான பழமைவாதம் வேறு" என்று ஒரு வாதம் வரும். 2023 தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். அவரை நியமித்தவர் ஜார்ஜ் புஷ். 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை முறித்த 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. அப்போது டிரம்ப் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். கண்ணியமானவர்கள் போட்ட சாலையில்தான் டிரம்ப் வண்டி ஓட்டினார். ஹாரன் சத்தம் மட்டும்தான் அவருடையது.

இப்போது 2024-க்கு வருவோம். வேட்பாளர் போட்டியிலிருந்து நிக்கி ஹேலி மார்ச் மாதமே விலகிவிட்டார். அதற்குப் பிறகும் ஏப்ரலில் பென்சில்வேனியாவில் 16%, மே மாதம் இண்டியானாவில் 21% குடியரசுக் கட்சி வாக்குகள் அவருக்கே விழுந்தன. இதோ கிடைத்துவிட்டது சந்தேக வாக்கு என்று ஜனநாயகக் கட்சி துள்ளிக் குதித்தது. ஹேலியோ மே மாதமே டிரம்புக்குத்தான் என் வாக்கு என்று அறிவித்து, ஜூலை மாநாட்டு மேடையிலும் ஏறினார். கமலா ஹாரிஸ் அக்டோபரில் விஸ்கான்சின் மாநிலத்தின் ரிப்பனுக்குப் போய் லிஸ் செய்னியுடன் மேடை ஏறினார். 1854-இல் அடிமை முறை பரவுவதை எதிர்த்துக் குடியரசுக் கட்சி பிறந்த ஊர் அது என்பதால் அந்த இடம். விளைவு? வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பின்படி, குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய 20-இல் ஒருவர்தான் ஹாரிஸுக்கு வாக்களித்தார். விஸ்கான்சினும் போனது, பென்சில்வேனியாவும் போனது.

லிஸ் செய்னியை நான் குறைத்துப் பேசவில்லை. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு டிரம்பைப் பதவி நீக்க வாக்களித்த 10 குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் அவர் ஒருவர். அதற்காகவே 2022-இல் சொந்த மாநிலத்தில் தோற்கடிக்கப்பட்டார். சந்தேகத்துக்கு விலை கேட்காமல், விலை கொடுத்தவர். ஆனால் அவரும் 2021-இல், ஜான் லூயிஸ் பெயரிலான வாக்குரிமை மசோதாவை எதிர்த்தே வாக்களித்தார். மிக நேர்மையான சந்தேகமும் எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதை இங்கே கவனியுங்கள். ஆளைச் சந்தேகிக்கும்; அமைப்பைத் தொடாது.

மறுபக்கம், ஒவ்வொரு தேர்தலிலும் சந்தேகமே இல்லாமல் நின்றவர்கள் கறுப்பினப் பெண்கள். 10-இல் 9 பேர் டிரம்புக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களை மனம் மாற்ற யாரும் தவமிருக்கவில்லை. எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற அலட்சியம். 2024-இல் தகுதி பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கும் அதிகமானோர் வாக்களிக்கவே இல்லை. அவர்கள் எல்லாரும் ஹாரிஸுக்குப் போட்டிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாக்குச்சாவடிக்கே வராத ஏழையின் வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட, வசதியான ஒருவரின் மனச்சங்கடத்துக்கு மருந்து தேடுவது அரசியல்வாதிகளுக்குச் சுலபமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அண்ணல் அம்பேத்கர் நமக்கு வழி காட்டுகிறார். 1936-இல் லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல், சாதியை ஒழிக்க வேண்டும் என்று சொன்ன சாதி இந்துக்களின் அமைப்பு, தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. சாதி மீது அவர்களுக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் உரையைப் படித்ததும் நடுங்கிப்போனார்கள். சாஸ்திரத்தையே கேள்வி கேட்கிறாரே, இந்து மதத்தை விட்டுப் போவேன் என்கிறாரே, கொஞ்சம் மாற்றுங்கள் என்றார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை. மாநாடு ரத்தானது. உரையைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டு மக்களிடம் கொடுத்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அன்று அவர்களின் சங்கடத்துக்காக அவர் வளைந்திருந்தால், நம் கையில் அந்த நூல் இருந்திருக்காது.

அதனால் மாணவத் தோழர்களே, எதிரணியில் சலசலப்பு என்று செய்தி வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இவர் ஆளை எதிர்க்கிறாரா, அந்த ஆள் காக்கிற ஏற்பாட்டை எதிர்க்கிறாரா? இந்த எதிர்ப்புக்காக இவர் எதையாவது இழந்திருக்கிறாரா? என்ன கொடுத்தால் இவர் திரும்பிப் போவார், அது யாருடைய பங்கிலிருந்து போகும்?

உண்மையாகச் சந்தேகப்பட்டு வருகிறவர் வரட்டும். நம் கூட்டத்தில் அவருக்கும் நாற்காலி உண்டு. அவர் உட்கார வேண்டும் என்பதற்காக நம் தீர்மானத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட அழிக்க வேண்டாம்.