கொதித்து நின்ற கார்: தண்ணீர் ஊற்றினால் தீர்ந்ததா?

கோடை விடுமுறை வந்து விட்டால் போதும். கொடைரோட்டில் திரும்பி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானலுக்கு கார்கள் சாரை சாரையாக ஓடும். அவற்றில் சில, மலைப்பாதையில் பாதி வழியில் பானெட்டை திறந்து கொண்டு நிற்கும். உள்ளே இருந்து குபுகுபு என்று ஆவி வரும்.

டிரைவர் என்ன செய்கிறார்? அரை மணி நேரம் நிற்கிறார். இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றுகிறார். "சரியாப் போச்சு, ஏறுங்க" என்கிறார். கார் கிளம்புகிறது.

நிஜமாகவே சரியாகப் போச்சா? அங்கே தான் வினை இருக்கிறது. கார் கொதித்ததால் கெட்ட என்ஜின்களை விட, கொதித்த பிறகு சோதிக்காமல் ஓட்டியதால் கெட்டது தான் பெரிய செலவில் கொண்டு போய் விடும்.

ஐகோர்ட்டு போட்ட கணக்கு

கொடைக்கானலில் வாகன நெரிசல் எல்லை மீறியதால் சென்னை ஐகோர்ட்டு 2024-ல் தலையிட்டது. அந்த ஆண்டு மே மாதம் 7-ந் தேதி முதல், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 'இ-பாஸ்' கட்டாயம் ஆயிற்று. 2025-ல் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4 ஆயிரம் வண்டி. சனி, ஞாயிறில் 6 ஆயிரம் வண்டி.

எத்தனை கார் போகலாம் என்று கணக்கு போட்டாயிற்று. போகிற கார் என்ன நிலையில் போகிறது? அதை பார்க்க வேண்டியவர் கார்க்காரர் தான். ஆனால் பாஸ் கிடைத்த தேதி தவறக் கூடாது. ரூமுக்கு பணம் கட்டியாயிற்று. பின்சீட்டில் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். இந்த அவசரம் தான் கொதித்த என்ஜினையும் ஓட்ட வைக்கிறது.

மலையில் மட்டும் ஏன்?

நிலக்கோட்டை கடல் மட்டத்தில் இருந்து சுமார் ஆயிரம் அடி. கொடைக்கானல் சுமார் 7 ஆயிரம் அடி. நடுவில் 6 ஆயிரம் அடி ஏற்றம்.

நாலு வழி சாலையில் வேகமாக வரும் போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை குளிர வைத்து விடுகிறது. ரேடியேட்டர் பாதி அடைத்து இருந்தாலும் தெரியாது. பேன் ஓடாவிட்டாலும் தெரியாது. காட்ரோட்டை தாண்டி ஏற ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. இரண்டாவது கியர். ஏ.சி. ஓடுகிறது. வண்டி நிறைய ஆட்கள். முன்னால் ஊர்ந்து போகும் லாரி. என்ஜின் முழு மூச்சில் உழைக்கிறது, காற்றோ போதவில்லை. ஒளிந்து இருந்த குறை வெளியே வருகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. உயரம் போகப் போக தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கொடைக்கானல் உயரத்தில் 93 டிகிரி அளவிலேயே கொதித்து விடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தை கட்டி வைப்பதால் தான் என்ஜின் தண்ணீர் 100 டிகிரியை தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போனால் அந்த பாதுகாப்பும் போச்சு!

அம்பாசடர் வைத்தியம்

'தண்ணியை ஊத்து, வண்டியை எடு' என்பது அம்பாசடர் காலத்து வைத்தியம். பழைய பி.எம்.சி. என்ஜின் அம்பாசடரில் அடியில் இருக்கும் பிளாக்கும் வார்ப்பு இரும்பு, மேலே இருக்கும் ஹெட்டும் வார்ப்பு இரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரியும். பல தடவை கொதித்தும் அது ஓடியது.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ல் ஹெட் அலுமினியம். இன்றைய கார்களில் அனேகமாக எல்லாமே அப்படித் தான். அலுமினியம் இரும்பை விட சுமார் இரண்டு மடங்கு விரியும். போல்ட்டு போட்டு இறுக்கிய ஹெட், விரிய இடம் இல்லாமல் வளைந்து போகும். நடுவில் இருக்கும் கேஸ்கெட் நசுங்கும். எண்ணெய்க்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி, நெருப்புக்கு ஒரு அறை என்று தனித்தனியாக இருப்பவை ஒன்றோடு ஒன்று கலந்து விடும்.

வண்டி மாறி விட்டது. வைத்தியம் மட்டும் மாறவில்லை.

முதல் அரை மணி

சூடு முள் சிவப்பை தொட்டால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், ஓரம் கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். 'அடுத்த வளைவு வரை போவோம்' என்பது கூடாது. முள் தானாக இறங்கினாலும் நம்பக் கூடாது. அது தண்ணீரின் சூட்டை காட்டும் முள். தண்ணீரே வற்றிப் போனால் எதை காட்டும்?

ரேடியேட்டர் மூடியை சூட்டோடு திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகமும் கையும் வெந்து போகும். அரை மணி, முக்கால் மணி ஆகட்டும். மேல் ரப்பர் குழாயை துணி வைத்து தொட்டுப் பார்க்கலாம். சூடும் விறைப்பும் அடங்கிய பிறகு தான் மூடி. கொதிக்கும் என்ஜினில் பச்சை தண்ணீரை கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழும். காய்ந்த தோசைக்கல் கதை தான்!

கண்ணாலே சோதனை

ஆறிய பிறகு, எந்த கருவியும் இல்லாமல் பார்க்க கூடியவை இவை:

ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தாலோ, அளவு கூடி இருந்தாலோ, உள்ளே தண்ணீர் இறங்கி விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் என்ஜினை ஒரு சுற்றும் சுற்ற விடக் கூடாது.

ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா? பாருங்கள்.

நன்றாக ஆறிய என்ஜினில் மூடியை திறந்து வைத்து, தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். விடாமல் குமிழி வந்தால், எரியும் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. கேஸ்கெட் போச்சு.

சைலென்சரில் வெள்ளைப் புகையா? காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வருவது சகஜம். என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் தான் ஆபத்து.

ஸ்டார்ட்டர் 'டக்' என்று நின்று, என்ஜின் சுற்ற மறுக்கிறதா? சிலிண்டரில் தண்ணீர் நிற்கலாம். திரும்பத் திரும்ப சாவியை திருகினால் கனெக்டிங் ராடு வளைந்து விடும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டக் கூடாது. கட்டி இழுத்து, அல்லது லாரியில் ஏற்றித் தான் இறக்க வேண்டும்.

ஒன்றும் தெரியவில்லை என்றால்? கொதித்த காரணத்தை கண்டு பிடிக்காமல் நகரக் கூடாது. குழாய் வெடிப்பு, பேன் பியூஸ், பெல்ட்டு, வாட்டர் பம்ப் கசிவு, மூடி என்று வரிசையாக பார்க்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில்

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை மூன்று. ரேடியேட்டரில் காற்றழுத்தம் ஏற்றி அது இறங்குகிறதா என்ற சோதனை. சிலிண்டர்களின் கம்ப்ரஷன் சோதனை. பக்கத்து பக்கத்து சிலிண்டர் இரண்டிலும் குறைந்தால், நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. மூன்றாவது, நீல திரவ சோதனை. ரேடியேட்டர் வாயில் வைத்த நீல திரவம் பெட்ரோல் காரில் மஞ்சளாக மாறினால் சந்தேகமே வேண்டாம்.

ஹெட்டை கழற்றினால், நேர்ச்சட்டம் வைத்து வளைவை அளக்க வேண்டும். பல சின்ன என்ஜின்களில் அனுமதி 0.05 மில்லி மீட்டர் தான். தலைமுடியின் தடிமன் கூட இல்லை! அதை அளக்காமல் புது கேஸ்கெட் மட்டும் போட்டு அனுப்பினால், அடுத்த ஏற்றத்தில் மறுபடி கொதிக்கும்.

பணம் யார் தருவது?

இன்சூரன்ஸ் தரும் என்று இருந்து விட வேண்டாம். கார் பாலிசிகளில் இயந்திரக் கோளாறு பொதுவாக விலக்கு. மோதி ரேடியேட்டர் உடைந்தது வேறு. அடைத்துப் போய் கொதித்தது வேறு. டாக்சிக்காரர் கடன் தவணையோடு இதையும் சுமக்க வேண்டும். நிலக்கோட்டை மார்க்கெட்டில் இருந்து மல்லிகை ஏற்றிய வேன் மத்தியான வெயிலில் நின்றால், வண்டி செலவோடு பூவும் வாடிப் போகும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிற மாத சம்பளக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. கொதித்த கார் துடைத்து பளபளப்பாக விற்பனைக்கு வரும். ஆயில் குச்சி, ரேடியேட்டர் மூடி இரண்டையும் ஆறிய என்ஜினில் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

கொதித்து பிழைத்த காருக்கும் ஒரு வாரம் கண்காணிப்பு தேவை. தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன்பு, கூலண்ட் பாட்டிலில் கோடு போட்டு அளவு பார்க்க வேண்டும். கீழே சொட்டு இல்லாமல் தண்ணீர் குறைந்து கொண்டே வந்தால், அது என்ஜினுக்குள் போகிறது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் போனால் கேஸ்கெட்டோடு முடியும். தள்ளிப் போட்டால் என்ஜினே கேட்கும்.