தங்கவயலின் அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது?

ஒன்றிய சுரங்கத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றி வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் மேலே கிடப்பதைப் பற்றியவை: சயனைடு கழிவு மேட்டில் மிச்சமிருக்கும் தங்கம், ஏலம், மறுபடி திறப்பு. நான் கேட்பது கீழே இருப்பதைப் பற்றி. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அதை ஒட்டி மைசூர் மைன், ஊரிகம், நந்திதுர்க். இவற்றின் ஷாஃப்டுகளில் இன்று தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? அளந்து, ஊருக்குத் தெரியும்படி மாதாமாதம் வெளியிடச் சொல்லுங்கள்.

பம்பு நின்ற சுரங்கம் கிணறு ஊறுவதுபோல நிரம்பிவிடும் என்று நினைக்கத் தோன்றும். மொத்தக் கொள்ளளவை ஒரு நாள் ஊற்றால் வகுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்பார்கள். முடியாது. மட்டம் ஏற ஏற ஊற்றின் வேகம் குறையும். தாது வெட்டி எடுத்த இடம் அகலமாக இருந்தால் தண்ணீர் மிக மெல்லத்தான் ஏறும். வெறும் ஷாஃப்ட் மட்டும் உள்ள ஆழத்தில் மளமளவென்று ஏறும். பக்கத்துச் சுரங்கத்துக்குப் போகும் பாதையை எட்டியதும் அங்கே வழியத் தொடங்கும். இங்கே மட்டம் அப்படியே நிற்கும். 'நின்றுவிட்டது' என்று கோப்பை மூடிவிடும் ஆபத்து அப்போதுதான். பக்கத்துச் சுரங்கமும் அந்த மட்டத்தை எட்டிய பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும்.

பிரிட்டனின் நிலக்கரி வயல்களுக்கு ஷெர்வுட், யங்கர் இருவரும் 1990-களில் உருவாக்கிய கணினி மாதிரி இப்படித்தான் யோசிக்கிறது: ஒவ்வொரு சுரங்கத் தொகுதியும் ஒரு தொட்டி, எந்த மட்டத்தில் எது எதோடு சேர்கிறது என்பதே முக்கியம். அளவீடு இல்லாத மாதிரி வெறும் ஊகம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கணிக்கத் தவறினால் என்ன? கார்ன்வாலின் வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கத்தில் 1991-ல் பம்பை நிறுத்தினார்கள். 1992 ஜனவரியில் பழைய வடிகால் ஒன்று உடைந்து, உலோகம் கலந்த அமிலநீர் ஆற்றில் பாய்ந்து, ஃபால் கழிமுகம் வரை செம்மஞ்சளானது. நம் நாட்டில் 1975-ல் தன்பாத் அருகே சாஸ்நாலாவில் பழைய குடைவில் தேங்கிய நீர் உடைத்து வந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தங்கவயலுக்கு இன்னொரு கவலையும் உண்டு. தொழிலாளர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்று அஞ்சிய பாறை வெடிப்பு அங்கே பழைய கதை. அழுத்தத்தில் இருக்கும் பாறையின் பிளவுகளில் நீர் ஏறினால் நில அதிர்வு கூடலாம். அந்த நிலத்தின்மேல்தான் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் குடியிருக்கிறார்கள்.

எந்தப் பாதை எந்தச் சுரங்கத்தோடு சேர்கிறது என்பது பழைய வரைபடங்களிலும் ஓய்வுபெற்ற சர்வேயர்களின் நினைவிலும் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிறது. ஏல அறிவிப்புக்கு முன்னால் அவர்களை அழைத்து உட்காரவைத்து, அந்தப் படங்களைச் சரிபார்க்க ஆணையிடுங்கள். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கவயலை அறிந்த ஒரு வாசகர்