2017-ல் இந்தியாவிடம் தோற்ற அணி 2025-ல் சாம்பியன்! - பெண்கள் ஐஸ் ஹாக்கியில் என்ன நடக்கிறது?

2025 ஜூனில், ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் முடிந்த பெண்கள் ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கியில் இந்தியா வெண்கலம் வென்றது. இந்த ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் அணிக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் இது. கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனா, தங்கம் வென்றது யார் தெரியுமா? பிலிப்பைன்ஸ். எட்டு வருஷத்துக்கு முன்பு இந்தியா தன் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றதே இந்த அணிக்கு எதிராகத்தான்!

அப்படியென்றால் இடையில் என்ன நடந்தது?

இதுவரை வந்த பாதை

* 1989: சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் இந்தியா உறுப்பினரானது.
* 2009: ஆண்கள் அணி அபுதாபியில் முதல் சர்வதேசத் தொடரில் ஆடியது.
* 2016: பெண்கள் அணிக்கு முதல் தொடர், தைபேயில். ஒரு வெற்றிகூட இல்லை.
* 2017: பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வீழ்த்தியது.

ஆரம்ப காலத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கே கிரவுட் ஃபண்டிங் மூலம் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

எல்லோரும் ஏன் லடாக்?

அணியில் பெரும்பாலானவர்கள் லடாக்கைச் சேர்ந்தவர்கள். காரணம் சிம்பிள்: அங்கேதான் குளங்கள் உறையும். ஆனா அந்தப் பனி நிற்பது குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம்தான். குளிர் தாமதமானால் அதுவும் சுருங்கும். இயற்கைப் பனியை மட்டும் நம்பினால், மீதிப் பத்து மாதம் களமே கிடையாது.

பிலிப்பைன்ஸில் பனியே பெய்வதில்லை. ஆனா மணிலாவின் ஷாப்பிங் மால்களில் வருஷம் முழுக்க இயங்கும் ஐஸ் ரிங்க்குகள் உண்டு. ஒரு பெண் ஆபீஸ் முடிந்து போய்ப் பயிற்சி எடுக்க முடியும். ரிங்க் மட்டுமே வெற்றிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனா, அது இல்லாமல் மற்ற எதுவும் வேலை செய்யாது.

சக்கர ஸ்கேட் கைகொடுக்குமா?

ஓரளவுக்கு. இதற்கு நல்ல உதாரணம் ஈரான். அங்கே பெண்கள் முதலில் ஆடியது, ஒரே வரிசையில் சக்கரம் பொருத்திய ஸ்கேட்டில் ஆடும் இன்லைன் ஹாக்கி. அந்த அனுபவத்தோடு பனிக்கு மாறி, 2023-ல் பாங்காக்கில் அறிமுகமான தொடரிலேயே வெள்ளி வென்றார்கள்.

ஸ்டிக்கைக் கையாள்வது, பாஸ் கொடுப்பது, காலி இடத்தைத் தேடி ஓடுவது எல்லாம் இன்லைனில் பழகலாம். ஆனா, அதில் கோல்கீப்பர் தவிர நான்கு பேர். ஐஸ் ஹாக்கியில் ஐந்து பேர். பனியில் பிளேடைக் குறுக்கே திருப்பிச் சட்டென்று நிற்பதைச் சக்கரத்தில் அப்படியே செய்ய முடியாது. அதைப் பனியில்தான் கற்க வேண்டும்.

இந்தியாவில் ரிங்க்கே இல்லையா?

இருக்கிறது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் உள்ளரங்க ரிங்க் கட்டினார்கள். போட்டி முடிந்ததும், பராமரிப்பும் மின் செலவும் கட்டுப்படியாகாமல் பல வருஷம் பூட்டியே கிடந்தது. 2016-ல் பெண்கள் அணி உருவானபோதும் அது திறக்கவில்லை. புதுப்பித்துத் திறந்தது 2025-ல்தான். ஆகஸ்டில் அங்கே ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் போட்டியும் நடந்தது.

அடுத்து என்ன?

ஆக, பிரச்சினை திறமையில் இல்லை. பயிற்சிக்கான களம் பத்து மாதம் பூட்டிக் கிடந்த நிலையிலேயே ஒரு பதக்கம் வந்துவிட்டது. இனி கேட்க வேண்டியது, அந்த ரிங்க்கின் மின் கட்டணத்தை வருஷா வருஷம் யார் கட்டப் போகிறார்கள் என்பதைத்தான். இன்னொரு முறை பூட்டு விழுந்தால், லடாக் பெண்கள் மறுபடியும் குளம் உறையும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.